தச்சர் மகளும் கடல் பல்லிகளும்

பல்லி என்றாலே எனக்கு ஆகாது. ஸ்டோர் ரூம் கதவைத் திறக்கும்போது தோளில் ஒன்று பொத்தென்று விழுந்துவிட்டால், பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தால்தான் எனக்கு மூச்சே வரும். அப்படிப்பட்ட நான் 17 அடி நீளமுள்ள ஒரு பல்லியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் மாமியாரே சிரிக்கிறார்.

நிஜத்தில் அது பல்லி இல்லை. பெயரில்தான் பல்லி. ‘சாரஸ்’ என்றால் கிரேக்க மொழியில் பல்லியாம். இக்தியோசாரஸ் என்றால் மீன் பல்லி. பிளீசியோசாரஸ் என்றால் பல்லிக்குக் கிட்டத்தில் வருவது. டைனோசர்கள் தரையில் நடந்த காலத்தில், கடலுக்குள் நீந்திக்கொண்டிருந்த ஊர்வன இவை. டைனோசர் வகையும் இல்லை, மீனும் இல்லை. மீன் மாதிரி செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். திமிங்கிலம் மாதிரி மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கவேண்டும். எல்லாமே அழிந்து கோடிக்கணக்கான வருஷங்கள் ஆகிவிட்டன. எலும்புகள் கல்லாகிப் பாறைக்குள் கிடக்கின்றன.

இதையெல்லாம் உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவள் ஒரு தச்சர் மகள். அவளைப் பெற்றவள் ஒரு கைம்பெண். மகள் மேரி ஆனிங்கைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. தாய் மோலியைப் பற்றி ஒவ்வொன்றிலும் நாலு வரி, ஐந்து வரி. எனக்கென்னவோ அந்த நாலு வரியிலேயே மனசு நின்றுவிட்டது.

இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் பகுதியில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சின்னக் கடலோர ஊர். ஊரை ஒட்டிச் சுவர் எழுப்பின மாதிரி செங்குத்தான கரை. நீலச் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புக் கல்லும் களிமண் கல்லும் அடுக்கடுக்காக, நம் வீட்டில் மடித்து அடுக்கிய புடவைகள் மாதிரி இருக்குமாம். சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னால் அது கடலின் அடித்தரை. குளிர்கால மழையிலும் அலையிலும் அந்தக் கரை சரிந்து சரிந்து விழும். விழும்போது உள்ளே இருக்கிற கல்லான சங்குகளும் எலும்புகளும் வெளியே வரும். அடுத்த அலை வந்தால் அடித்துக்கொண்டும் போய்விடும். ஆகவே பொறுக்குகிறவர்களுக்குக் கோடை உதவாது. மழையும் பனியும் காற்றும் அடிக்கிற நாளில்தான், கரை எப்போது தலையில் விழுமோ என்ற பயத்தோடு போகவேண்டும்.

அங்கே ரிச்சர்ட் ஆனிங் என்ற தச்சர் மேஜை நாற்காலி செய்து பிழைத்தார். மிச்ச நேரத்தில் கரைக்குப் போய்க் கல் பொறுக்கி வந்து, கடலில் குளிக்க வரும் பணக்காரர்களுக்கு விற்பார். சுருண்ட அம்மோனைட் ஓட்டுக்கு ஊரில் ‘பாம்புக் கல்’ என்று பெயர். கூராக விரல் போல இருக்கும் பெலம்னைட்டுக்குப் ‘பிசாசு விரல்’. (அம்மோனைட் என்றதும் யாரோ எவரோ என்று நினைக்கவேண்டாம். நேபாளத்து கண்டகி நதியிலிருந்து வந்து நம் பூஜையறையில் பட்டுத் துணியில் உட்கார்ந்திருக்கிறதே சாளக்கிராமம், அதற்குள் சக்கரம் போலத் தெரிகிற சுருளும் இதே அம்மோனைட்தான் என்கிறார்கள். இதை மாமியாரிடம் பயந்துகொண்டே சொன்னேன். “பகவான் எந்த ஓட்டுக்குள்ளே இருந்தா உனக்கென்ன? பூவை வை” என்றார். தீர்ந்தது விஷயம்.)

ரிச்சர்டுக்கும் மோலிக்கும் பத்துக் குழந்தைகள் வரை பிறந்தன. பிழைத்து வளர்ந்தவை இரண்டே. 1798 கிறிஸ்துமஸ் சமயம், நாலு வயது மகளை மரச் சீவல் கிடந்த அறையில் விட்டுவிட்டு மோலி ஐந்து நிமிஷம் வெளியே போனாளாம். தீப்பிடித்துக் குழந்தை போய்விட்டது. ஐந்து மாதம் கழித்து, 1799 மே 21ஆம் தேதி பிறந்த பெண்ணுக்கு, இறந்த அந்தப் பெண்ணின் பெயரையே வைத்தாள். மேரி. இந்த மேரிக்கு ஒன்றே கால் வயதாகும்போது, குதிரை வித்தை பார்க்க ஒரு பக்கத்து வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு போனாள். மழை வந்து மரத்தடியில் ஒதுங்கியபோது இடி விழுந்தது. தூக்கிப் போனவளும் இன்னும் இரண்டு பெண்களும் அங்கேயே இறந்தார்கள். குழந்தையை வீட்டுக்குத் தூக்கி வந்து வெந்நீரில் விட, அது கண்ணைத் திறந்ததாம்.

இத்தனைக்கும் பிறகு, நானாக இருந்தால் அந்தக் குழந்தையை வாசல்படி தாண்ட விட்டிருக்கமாட்டேன். இடுப்பிலேயே கட்டிப் போட்டிருப்பேன்.

1810இல் ரிச்சர்ட் இறந்தார். கரையிலிருந்து விழுந்த அடி ஒருபுறம், காசநோய் ஒருபுறம். வயது 44. விட்டுப்போனது 120 பவுண்டு கடன். மோலி அப்போது கர்ப்பிணி. மகன் ஜோசப் பெரியவன், மேரிக்குப் பதினோரு வயது. ஏழைகளுக்கு ஊரில் கொடுக்கும் உதவிப் பணத்தில் சில வருஷம் வயிறு கழுவினார்கள். அந்த நிலையில்தான் பிள்ளைகள் இருவரும் அப்பா காட்டிக்கொடுத்த கரைக்கே மறுபடி போனார்கள். பயம் இல்லாமலா அனுப்பியிருப்பாள்? பசி இருந்தது. பசிக்கு முன்னால் பயம் என்ன செய்யும்?

1811இல் ஜோசப் கண்ணில் ஒரு தலை பட்டது. நாலு அடி நீளத் தலை! நீண்ட மூக்கு, வரிசை வரிசையாகப் பற்கள், டிபன் தட்டு அகலத்துக்கு ஒரு கண்குழி, அந்தக் குழியைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி எலும்புத் தகடுகள். ஊரார் முதலை என்றார்கள். உடல் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் மேரி அந்த இடத்தையே விடாமல் பார்த்து வந்து, 1812இல் மிச்ச எலும்புகளைக் கண்டுபிடித்தாள். ஆட்களைக் கூலிக்கு வைத்துப் பெயர்த்து எடுத்தார்கள். மொத்தம் 17 அடி.

அந்த ஊர்ப் பண்ணையார் ஹென்லி அதை 23 பவுண்டுக்கு வாங்கினார். அவரிடமிருந்து லண்டனில் காட்சிசாலை வைத்திருந்த புல்லக் என்பவருக்குக் கைமாறி, 1819இல் பிரிட்டிஷ் மியூசியம் 45 பவுண்டு 5 ஷில்லிங்குக்கு ஏலத்தில் எடுத்தது. இக்தியோசாரஸ் என்ற பெயர் அதற்குள் வந்துவிட்டது. ஏழே வருஷத்தில் விலை இரண்டு பங்கு. நம் ஊரில் தோட்டத்துக்காரன் கையில் ஒரு விலை, கடைத்தெருவில் ஒரு விலை என்று கத்தரிக்காய் விற்கிற கதைதான். அந்த மண்டை ஓடு இன்றைக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆரம்ப வருஷங்களில் வியாபாரத்தை நடத்தியது மோலிதான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1821இல்கூட ஒரு எலும்புக்கூட்டுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்டு பிரிட்டிஷ் மியூசியத்துக்கே கடிதம் எழுதியிருக்கிறாள். பால் கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்தால் பால்காரரிடம் கேட்க நமக்கு எத்தனை தயக்கம்! லண்டன் மியூசியத்திடம், தச்சர் பெண்டாட்டி, ‘எங்கே என் பணம்?’ என்று கேட்டிருக்கிறாள் பாருங்களேன்.

ஆனாலும் வருமானம் நிலையில்லை. எலும்புக்கூடு என்ன, மாதம் ஒன்றா கிடைக்கும்? 1820இல் தாமஸ் பர்ச் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வந்தபோது, வாடகை கட்ட வீட்டுச் சாமான்களை விற்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மனசு கேட்காமல், தாம் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் லண்டனில் ஏலம் போட்டு, வந்த 400 பவுண்டிலிருந்து இவர்களுக்கு உதவினார். அப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

மேரிக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததுதான். மற்றதெல்லாம் கையும் கண்ணும். அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளை இரவல் வாங்கி, படங்களோடு கைப்பட நகல் எடுத்து வைத்துக்கொள்வாள். கல்லாகிப் போன உடம்பு எப்படி இருந்திருக்கும் என்று புரிய, இன்றைய மீனையும் கணவாயையும் வீட்டில் அறுத்துப் பார்ப்பாள். மீன் ஆய்கிற சகோதரிகளுக்குத் தெரியும், எந்த முள் எங்கே போகிறது என்பது படத்தைப் பார்த்து வருகிற ஞானம் இல்லை. 1824இல் அவளைப் பார்த்துவிட்டுப் போன ஒரு சீமாட்டி டைரியில் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு எலும்பைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த இனம் என்று சொல்லிவிடுகிறாள், எலும்புகளைச் சட்டத்தில் பொருத்தி, படமும் வரைகிறாள் என்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கோரோசனை சமாசாரம். இக்தியோசாரஸின் வயிற்றுப் பக்கத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் இருக்கும். மிருகங்களின் வயிற்றில் உண்டாகிற மருந்துக் கற்கள் மாதிரி ஏதோ என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேரி உடைத்துப் பார்த்தாள். உள்ளே மீன் முள்ளும் செதிலும், சில சமயம் குட்டி இக்தியோசாரஸின் எலும்பும்! அவள் கவனித்ததைக் கொண்டு பக்லண்ட் என்ற பேராசிரியர் 1829இல் அது கல்லாகிப் போன மலம் என்று முடிவு கட்டினார். முகம் சுளிக்காதீர்கள். கைக்குழந்தையின் துணியைப் பார்த்தே நேற்று என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறவர்கள்தானே நாம்! அதே வித்தைதான்.

1823 டிசம்பரில் அவள் எடுத்தது பிளீசியோசாரஸின் முதல் முழு எலும்புக்கூடு. சுமார் 9 அடி. ஆமை உடம்புக்குள் பாம்பைச் செருகின மாதிரி ஒரு உருவம். துடுப்பு போல நாலு கால்கள், எலுமிச்சைக் கிளை மாதிரி நீண்ட கழுத்து, நுனியில் இத்தனூண்டு தலை. நமக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழேழு எலும்புதான். இதற்கோ 35! பாரிஸில் இருந்த குவியே என்ற மகா விஞ்ஞானி படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பிராணிகளை ஒட்டவைத்த மோசடியோ என்று சந்தேகப்பட்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஐரோப்பாவே நம்பும் காலம் அது. சந்தேகம் நிலைத்திருந்தால் அந்தக் குடும்பத்திடம் யாரும் ஒரு கல்லைக்கூட வாங்கியிருக்கமாட்டார்கள். லண்டன் நிலவியல் சங்கத்தில் ஆராய்ந்து, நிஜம்தான் என்று முடிவானது, குவியேயும் ஒப்புக்கொண்டார். 1824 பிப்ரவரியில் சங்கத்தின் கூட்டத்தில் கோனிபேர் என்ற பாதிரியார் அதைப் பற்றிப் பேசினார். அதே மாலை, முதன்முதலாக ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்ததும் அங்கேதான். சரித்திரப் பிரசித்தமான அந்தப் பேச்சில் மேரி ஆனிங்கின் பெயர் வரவில்லை. சங்கத்தில் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1919இல்தான்.

இங்கே என் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனென்றால் எனக்கு இதெல்லாம் தெரிய வந்ததே அதனால்தான்.

நாங்கள் இருப்பது திருச்சி. என் பெண் ப்ளஸ் டூவில் நல்ல மார்க். கம்ப்யூட்டர் படிப்பாள், பாங்க் பரீட்சை எழுதுவாள் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அவளோ ஜியாலஜி என்றாள். என் பெரிய நாத்தனார் போனிலேயே ஆரம்பித்துவிட்டார். “கல்லு மண்ணு படிச்சு என்ன செய்யப் போறா? கேம்ப்பு கேம்ப்புனு காட்டிலயும் மேட்டிலயும் அலைய விடுவாங்க. வெயில்ல கருத்துப் போனா நாளைக்கு யார் வந்து கேப்பா?” அவர் எதுவும் பேசவில்லை. பேப்பருக்குப் பின்னால் இருந்தார். எனக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான், மறைப்பானேன்? வெயில் பெரிசில்லை. பேர் தெரியாத ஊரில், துணையில்லாத மேட்டில், ஒரு கால் தவறினால்? பெண் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். “ஒண்ணும் சொல்லாதேம்மா. முதல்ல படி.”

பெரம்பலூரில் ஒரு கல்யாணம் வந்தது. முகூர்த்தம் முடிந்து திரும்பும் வழியில், பெண்ணின் பிடிவாதத்தால் சாத்தனூரில் வண்டியை நிறுத்தினோம். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. கல்மரம் என்று சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து காரைப் பக்கம். மழைநீர் அரித்து அரித்து, செம்மண்ணும் சாம்பலுமாகச் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள்; புல் பூண்டு கிடையாது. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். காலடியில் சிலேட்டுக் குச்சி மாதிரி கல் துண்டுகள் இறைந்து கிடந்தன. மாமியார் குனிந்து ஒன்றை எடுத்தார். “பாட்டி, அதுதான் பெலம்னைட். கணவாய்க்குச் சொந்தக்காரன். பத்துக் கோடி வருஷம்” என்றாள் பெண். லைம் ரீஜிஸில் பிசாசு விரல் என்றார்களே, அதேதான்! “இங்கே கடலா?” என்று நாலு பக்கமும் பார்த்தார் மாமியார். கடல் அங்கிருந்து எத்தனையோ மைல். ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். “இருந்த இடத்திலே இருந்தாத்தான்மா அதுக்கு மதிப்பு. எந்த அடுக்கிலே கிடந்ததுன்னு தெரியலேன்னா வெறும் கல்லு” என்று திருப்பி வைக்கச் சொன்னாள்.

இக்தியோசாரஸும் இந்தப் பூமியில் இருந்திருக்கிறது. திருச்சி வட்டாரத்தில் கிடைத்த முதுகெலும்புத் துண்டுகளுக்கு லைடெக்கர் என்ற விஞ்ஞானி 1879இலேயே ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் வைத்தார். 2011இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் காரைப் படிவுகளில் கிடைத்த அதன் பற்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்பு அந்த இனமே பூண்டோடு போய்விட்டது என்பதால், நம் காரைக் கடலில் நீந்தியவை அதன் கடைசித் தலைமுறைகளில் சேர்ந்தவை.

வண்டியில் வரும்போது மாமியார்தான் வாயைத் திறந்தார். “படிக்கட்டும் விடு. நான் நாலாங் கிளாஸோட நின்னேன், நீ பள்ளிக்கூடத்தோட நின்னே. கல்லைப் பார்த்து இவளுக்கு முகம் மலர்றாப்பல நமக்கு எதைப் பார்த்து மலர்ந்துது, சொல்லு?” ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அப்போதும் பேசவில்லை. மறுநாள் அப்ளிகேஷன் வாங்கி வந்தார். முதல் வருஷ ஃபீஸுக்கு என் ஏலச் சீட்டுப் பணம். நாத்தனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

மோலியை நான் நினைத்துக்கொள்வது அந்த கேம்ப் பயம் வரும்போதெல்லாம்தான். 1833 அக்டோபரில் கரை சரிந்து விழுந்து, மேரி கூடவே கூட்டிப்போகும் டிரே என்ற நாய், அவள் கண்ணெதிரே, காலடிக்குப் பக்கத்தில் நசுங்கிச் செத்தது. ஒரு நொடி தப்பியிருந்தால் அவளும் போயிருப்பாள். தோழி சார்லட் மர்ச்சிசனுக்கு அதை எழுதியிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொன்னாள், அம்மா என்ன சொன்னாள் என்றுதான் எனக்குக் கேட்க ஆசை.

அந்தப் பிராணிகளின் பிரசவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், இளம் தாய்மார்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள்.

ஊர்வன என்றால் முட்டையிடும் என்றுதானே படித்திருக்கிறோம்? கடல் ஆமைகூட முட்டையிட நம் மெரினா மணலுக்கு வருகிறது. இக்தியோசாரஸுக்கு உடம்பு மீன் மாதிரி. கரையேறினால் நகரவே முடியாது. அப்படியானால் முட்டையை எங்கே இடும்? இடவில்லை, குட்டி போட்டது. 1846இல் இங்கிலாந்திலேயே சானிங் பியர்ஸ் என்ற மருத்துவர், தாயின் இடுப்பெலும்புக்குள் குட்டி எலும்புக்கூடு ஒன்று இருப்பதை எழுதினார். ஜெர்மனியில் ஹோல்ஸ்மாடன் என்ற ஊர்க் கல் குவாரிகளில், 18 கோடி வருஷப் பழமையான கறுப்புப் பலகைக் கல்லில், வயிற்றில் குட்டியோடு நூற்றுக்கு மேல் தாய்கள் கிடைத்திருக்கின்றன. சில வயிற்றில் பத்துக் குட்டிகள் வரை!

தின்ற குட்டியா, சுமந்த குட்டியா என்று வெகுகாலம் சர்ச்சை. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், தின்றதானால் கடித்து உடைந்திருக்கும், வயிற்று அமிலத்தில் அரித்திருக்கும். சுமந்ததானால் எலும்பு முழுசாக, இருக்கவேண்டிய இடத்தில், தாயின் அதே இனமாக இருக்கும். ஒரு கல்லில் குட்டி பாதி வெளியே வந்த நிலையில் இருக்கிறது. பிரசவ நேரத்தில் இறந்த தாயா, இறந்தபின் உடல் ஊதிக் குட்டி வெளியே தள்ளப்பட்டதா என்று இன்னும் பேசுகிறார்கள். எது ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னால் சட்டென்று பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. சீனாவில் கிடைத்து 2014இல் அறிவித்த ஒரு தாய் இன்னும் பழசு, 24 கோடியே 80 லட்சம் வருஷம். ஒரு குட்டி வயிற்றில், ஒன்று வெளியே, ஒன்று தலை முதலில் வந்துகொண்டிருக்கிறது. மற்ற இக்தியோசாரஸ் குட்டிகள் பெரும்பாலும் வால் முதலில் வரும். தரையில் குட்டி போடுகிற பிராணிகளுக்குத்தான் தலை முதலில் வரும் என்பதால், குட்டி போடுகிற வழக்கம் இவற்றின் முன்னோருக்குத் தரையில் இருந்தபோதே வந்துவிட்டது என்கிறார்கள்.

மேரியின் பிற்காலம் சுகமில்லை. 1826இல் சொந்த வீடு வாங்கி, முன்பக்கம் கண்ணாடி ஜன்னல் வைத்துக் கடை போட்டாள். சாக்ஸனி நாட்டு ராஜாவே 1844இல் அந்தக் கடைக்கு வந்தார். ஆனால் சேர்த்த பணத்தை எதிலோ போட்டு அது முழுகிப்போனது. பக்லண்ட் போன்றவர்கள் முயன்று வருஷத்துக்கு 25 பவுண்டு உதவித் தொகை வாங்கித் தந்தார்கள். 1842இல் மோலி போய்விட்டாள். மேரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயும் மகளும் கடைசிவரை ஒரே வீட்டில்தான்.

அப்புறம் மேரிக்கு மார்பில் புற்றுநோய். வலி தாங்காமல் அபினி கலந்த மருந்தைச் சாப்பிடுவாள். தள்ளாடி நடப்பதைப் பார்த்து ஊர், குடிக்கிறாள் என்று பேசியது. இருநூறு வருஷம் ஆனாலும் ஊர் வாய் ஊர் வாய்தான். 1847 மார்ச் 9ஆம் தேதி இறந்தாள். வயது 47. ஏறக்குறைய என் வயது. அன்றைக்கு அந்த நோய்க்கு வழியில்லை. இன்றைக்கு இருக்கிறது. மார்பில் ஒரு சின்னக் கட்டி கையில் பட்டாலும், வெட்கம், வேலை, பிள்ளைக்குப் பரீட்சை என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் சகோதரிகளே.

நிலவியல் சங்கத்தின் தலைவராக அப்போது இருந்தவர் டி லா பெஷ். இளவயதில் மேரியோடு அதே கரையில் கல் பொறுக்கியவர். உறுப்பினராகவே சேர்த்துக்கொள்ளாத அந்தப் பெண்ணுக்குச் சங்கத்தில் இரங்கல் உரை படித்தார். ஊர்த் தேவாலயத்தில் 1850இல் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று அவள் நினைவாக வைத்தார்கள். 2015இல் ஒரு இக்தியோசாரஸ் இனத்துக்கே அவள் பெயரை வைத்தார்கள். 2022 மே 21, அவள் பிறந்தநாளன்று, லைம் ரீஜிஸில் சிலை திறந்தார்கள்; பக்கத்தில் டிரேயும் நிற்கிறது. அந்தச் சிலைக்கு முதலில் குரல் கொடுத்தது அந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, தன் அம்மாவோடு சேர்ந்து.

இன்னும் ஒன்று. 2020இல் இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் 11 வயதுப் பெண் ஒருத்தி அப்பாவோடு போய் ஒரு பெரிய எலும்புத் துண்டைக் கண்டெடுத்தாள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஓர் இக்தியோசாரஸின் தாடை எலும்பு. அது மட்டுமே இரண்டு மீட்டருக்கு மேல். முழுப் பிராணி 25 மீட்டர் இருந்திருக்கும் என்கிறார்கள், நீலத் திமிங்கிலம் அளவு. இக்தியோடைட்டன் என்று 2024இல் அதற்குப் பெயர் வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். எழுதியவர்கள் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. என் பெண் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, பீரோக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பல்லி படம் வீட்டுக்குள் எதுக்கு என்று கேட்டுவிட்டு, ஓரம் மடங்காமல் இருக்க நாலு மூலைக்கும் பசை தடவிக் கொடுத்தவர் என் மாமியார்.